மலிவு சிக்னல் ஜெனரேட்டரின் அதிர்வெண் சரிதானா? ஜிபிஎஸ் வைத்துப் பார்ப்போம்

கேட்ட அதிர்வெண்ணில் அலை உருவாக்கும் ஏடி9833 சிப் உள்ள சின்ன போர்டை ஆர்டுயினோவில் (நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டு போர்டு) மாட்டி 10 கிலோஹெர்ட்ஸ் கேட்டால், ஏதோ ஒன்று வரும். அது எவ்வளவு சரி என்று மல்டிமீட்டரிடம் கேட்டுப் பயனில்லை. அதற்குள்ளும் இந்தப் போர்டில் உள்ளதுபோல, கடிகாரத் துடிப்பு தரும் சாதாரண குவார்ட்ஸ் கிரிஸ்டல்தான். நமக்குக் கைக்கெட்டும் நல்ல கடிகாரம் ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் ஓடும் அணுக் கடிகாரம். நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் ரிசீவர் மாட்யூல் அதைப் பின்பற்றி நொடிக்கு ஒரு துடிப்பு தரும். பிசகு சுமார் 30 நானோநொடி.

முதலில் மாட்யூலை ஜன்னலோரம் வைத்து, எல்இடி நொடிக்கொரு முறை சிமிட்டும்வரை காத்திருங்கள். பல நீலநிற போர்டுகளில் துடிப்புக்குத் தனி பின் கிடையாது. எல்இடிக்குப் போகும் தடத்தில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து எடுக்க வேண்டும். (முதல் முயற்சியில் எனக்கு எல்இடியே கையோடு வந்துவிட்டது.) ஜெனரேட்டரையும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், ஃபேன் காற்று படாமல்.

அடுத்து, ஆசிலோஸ்கோப்பின் முதல் சேனலில் துடிப்பு, இரண்டாவதில் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. ட்ரிகர் (திரை எப்போது வரையத் தொடங்க வேண்டும் என்ற அமைப்பு) முதல் சேனலில், நார்மல் முறையில். ஒரு கட்டத்துக்கு 10 மைக்ரோநொடி வையுங்கள். திரை நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும்.

இப்போது அலையின் விளிம்பைக் கவனியுங்கள். அசையாமல் நின்றால் அதிர்வெண் சரி. இடப்பக்கம் நகர்ந்தால் அதிகம், வலப்பக்கம் என்றால் குறைவு. நொடிக்கு 1 மைக்ரோநொடி நகர்ந்தால் பிழை 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஸ்கோப்பின் சொந்தப் பிசகு இங்கே பொருட்டே இல்லை. நொடிக்கு 50 மைக்ரோநொடிக்கு மேல் ஓடினால் மட்டும் எந்தப் பக்கம் போகிறது என்று குழம்பும்.

என் போர்டில் 5 நொடியில் 60 மைக்ரோநொடி வலப்பக்கம் போனது, அதாவது 12 பிபிஎம் குறைவு. பழியை முழுக்க கிரிஸ்டல் மேல் போடாதீர்கள். 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் இந்தச் சிப் 0.0931 ஹெர்ட்ஸ் படிகளில்தான் ஏறும். 10 கிலோஹெர்ட்ஸ் கேட்டால் 9999.983தான் கிடைக்கும், 1.7 பிபிஎம் அங்கேயே போச்சு. இதே சோதனையை 1 கிலோஹெர்ட்ஸில் செய்தால் படியால் மட்டுமே 39 பிபிஎம் காட்டி பயமுறுத்தும்!

மிச்சம் 10.3 பிபிஎம் கிரிஸ்டலுடையது: 25 மெகாஹெர்ட்ஸில் சுமார் 257 ஹெர்ட்ஸ். நிரலில் 25000000 என்றிருப்பதை 24999743 என்று மாற்றுங்கள். அதன் பிறகும் விளிம்பு நொடிக்கு 2.7 மைக்ரோநொடி நகரும். அது படியின் வேலை. 1 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் 0.05 பிபிஎம்முக்குள் அடங்கிவிடும்.