பெரிய ஆலயத்துக்கு ஸ்பீக்கர் அமைக்கும்போது நடக்கும் தவறுகள்

பின்வரிசையில் பிரசங்கம் புரியவில்லை என்று புகார் வந்ததும் ஆலயக் கமிட்டியில் எழும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை வாட்ஸ் போடலாம்?" என்பதுதான். முதல் தவறும் அதுதான். பல ஆலயங்களில் சத்தத்துக்குக் குறைவே இல்லை, தெளிவுதான் இல்லை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். கூடவே சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் அதே 3 டெசிபல் கூடும். குழப்பம் அப்படியே இருக்கும், கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்தில் ஓர் ஆலயம் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் கூரை, பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை. காலியாக இருக்கும்போது ஒலி 60 டெசிபல் தணிய 4 விநாடி ஆகிறது. பேச்சுக்கு ஒன்றரை விநாடிக்குள் இருந்தால் நல்லது. பாடகர் குழுவுக்கோ கொஞ்சம் முழக்கம் இருந்தால்தான் இனிமை. இந்த இழுபறி எல்லா ஆலயத்திலும் உண்டு. இந்த இடத்தில் நாலாபுறமும் ஒலி பரப்பும் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினால், இரண்டரை மீட்டர் தாண்டியதுமே நேரடி ஒலியை எதிரொலி முந்திவிடும். அதே ஒலியை ஒரு பக்கமாக 10 மடங்கு குவித்து அனுப்பும் ஸ்பீக்கர் என்றால் அந்த எல்லை 8 மீட்டர் வரை போகும். ஆகவே ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்ஸைவிட, அது ஒலியை எந்தக் கோணத்தில் வீசுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒலி ஜனங்கள் மேல் விழ வேண்டும், எதிர்ச்சுவரிலும் கூரையிலும் அல்ல. நெடுக்காக ஒல்லியாக இருக்கும் 'காலம்' (column) ஸ்பீக்கர்கள் ஆலயங்களுக்குப் பொருந்துவது இதனால்தான். அதையும் உயரத்தில் மாட்டி, கீழ்நோக்கிச் சாய்க்காமல் விட்டுவிடுகிறார்கள்!

அடுத்தது தூண் ஸ்பீக்கர். பின்னால் இருப்பவர்களுக்காகத் தூணுக்குத் தூண் ஸ்பீக்கர் மாட்டுவது நல்ல யோசனைதான், டிலே கொடுத்தால், அதாவது அதன் ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பினால். பின்வரிசையில் இருப்பவருக்குப் பீடத்தருகே உள்ள ஸ்பீக்கர் 40 மீட்டர் தொலைவில், தூணில் உள்ளது 5 மீட்டரில் என்றால் இடைவெளி 35 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. தூண் ஸ்பீக்கரின் சொல் காதில் விழுந்து 100 மில்லிவிநாடி கழித்து அதே சொல் முன்னாலிருந்து மறுபடி வரும். தூண் ஸ்பீக்கரை அந்த 100 மில்லிவிநாடியும், கூடுதலாகப் பத்துப் பதினைந்தும் தாமதித்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, போதகர் நிற்கும் திசையிலிருந்தே குரல் வருவதாகத் தோன்றும். லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் 1950களின் தொடக்கத்திலேயே காலம் ஸ்பீக்கர்களையும் காந்தப் பதிவு மூலம் உண்டாக்கிய தாமதத்தையும் சேர்த்து இதைச் செய்துகாட்டினார்கள். இன்று சாதாரண டிஜிட்டல் மிக்சரிலேயே அந்த வசதி இருக்கிறது. அதைத் தொடாமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

திறந்தே கிடக்கும் மைக்குகளையும் கவனியுங்கள். திறந்த மைக் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிடுவதற்கு முன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போகும். பிரசங்கம் நடக்கையில் பாடகர் குழு மைக்குகள் எதற்கு?

எதிரொலியை அடக்க முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டுவது வீண்வேலை, தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. மெல்லிய திரை மேல் ஸ்தாயியை மட்டும் விழுங்கும், கீழே உறுமுவது அப்படியே இருக்கும்.

சனிக்கிழமை காலியான ஆலயத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு ஞாயிறன்று தொடாமல் விடுவதும் தவறு. மனித உடலும் உடையும் ஒலியை நன்றாகவே உறிஞ்சும். 600 பேர் வந்து உட்கார்ந்தால் மேலே சொன்ன 4 விநாடி இரண்டே கால் விநாடிக்கு அருகே இறங்கிவிடும்.

கடைசியாக, சோதனை செய்யும் விதம். "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" யாருக்கும் புரியும். 23-ம் சங்கீதமும் அப்படித்தான், பாதி சொல் விழுந்தாலும் மீதியைச் சபையாரின் மனமே நிரப்பிக்கொள்ளும். 1 நாளாகமத்தின் வம்ச அட்டவணையிலிருந்து இருபது பெயர்களை வாசியுங்கள். கடைசி வரிசையிலும் பால்கனிக்கு அடியிலும் இரண்டு பேரை உட்காரவைத்து, கேட்ட பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பத்துப் பெயர்கூடத் தேறாவிட்டால் காண்டிராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.