பயிற்சி விமானி நேர்காணல்: லாக்புக்கைக் கூட்டிப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மாதிரி நேர்காணலுக்காக வீட்டுக்கு வந்தான். சி.பி.எல் (வணிக விமானி உரிமம்) வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு பிராந்திய விமான நிறுவனம் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்துக்குப் பயிற்சித் துணை விமானிகளை (எஃப்.ஓ) எடுக்கிறது, எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டான். டை கட்டி, ஷூ பளபளக்க உட்கார்ந்திருந்தவனிடம், பறந்த நேரத்தையெல்லாம் பதிந்துவைக்கும் லாக்புக்கைக் கேட்டேன். "அண்ணா, அது டாக்குமென்ட் வெரிஃபிகேஷனுக்குத்தானே? கொண்டு வரலையே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. 2015-இல் நானும் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

நேரத்துக்குப் போங்கள், போனை அணைத்து வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இருநூறு மணி நேரம் விமானம் ஓட்டியவருக்கு அதைச் சொன்னால் அவமானம்.

லாக்புக்கைக் கூட்டாமல் போவது

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் வாங்கியபோது என் முதல் லாக்புக் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. வேலை இல்லாத நாட்களில் கை மறந்துவிடக் கூடாதென்று அவ்வப்போது ஒரு மணி, இரண்டு மணி நேரம் பறந்தேன். புத்தகம் முடிந்ததும் புதிது வாங்கினேன். பழைய புத்தகத்தின் கடைசி வரியில் மொத்தம் 207:35. புதிய புத்தகத்தின் முதல் வரியில், இரவு பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், 208:35 என்று எழுதினேன். அதற்குமேல் எழுதிய ஒவ்வொரு பக்கமும் அந்த ஒரு மணி நேரத்தைச் சுமந்துகொண்டே போனது.

நேர்காணல் அறையில் மூன்று பேர். இருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர், நரைத்த மீசைக்கார கேப்டன், ஒன்றும் பேசாமல் இரண்டு புத்தகங்களையும் அக்கம்பக்கமாக விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் தடவிக்கொண்டிருந்தார். நான் மழைக்கால இடிமேகம் பற்றி அருமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பென்சில் நின்றது. "இந்த ஒரு மணி நேரத்தை யார் பறந்தது?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். நான் எட்டிப் பார்த்தேன், இரண்டு வரியும் தெரிந்தது, வாய் உலர்ந்துவிட்டது. எழுத்துப் பிழை என்று சொன்னேன். தலையாட்டினார். பென்சிலைக் கீழே வைத்தார்.

அடுத்த வாய்ப்பு வரப் பதினோரு மாதம் ஆனது. அதற்குள் மெடிக்கல் ஒருமுறை, ஐ.ஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி) சோதனை ஒருமுறை, அதற்கான பறப்புச் செலவு, அப்பா கையெழுத்துப் போட்ட கல்விக் கடனின் வட்டி. ஓர் எண் மாறியதற்கு.

இவ்வளவு கறாராகப் பார்ப்பார்களா என்று கேட்பவர்களுக்கு: பார்ப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் பிடிபட்டார்கள். பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதிய கதைகளும் அதே சமயத்தில் வெளியே வந்தன. அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள்தான் இன்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் ஒரு மணி நேரம் கூடினால் அவர்களுக்கு முதலில் தோன்றுவது கணக்குப் பிழை என்று அல்ல.

நான் பார்த்த வேறு சில கோளாறுகள்:

அமெரிக்காவில் பயிற்சி எடுத்தவர்கள் எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரின் தசம எண்ணோடு வருகிறார்கள். 1.3 என்றால் ஒரு மணி பதினெட்டு நிமிடம். அதை 1:30 என்று எழுதினால் ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு நிமிடம் திருட்டு. விண்ணப்பத்தில் 212.6 என்று தட்டச்சு செய்து, புத்தகத்தில் 212:36 வைத்திருந்த ஒரு பெண்ணிடம், "இரண்டும் ஒன்றுதான் சார்" என்று மூச்சு விடாமல் விளக்கப் பயிற்சி கொடுத்தோம். அதைவிட விண்ணப்பத்திலேயே ஒழுங்காக எழுதியிருக்கலாம்.

கால்குலேட்டர்க்காரர்கள் இன்னொரு வகை. 1:45, 1:30, 0:55 மூன்றையும் 1.45, 1.30, 0.55 என்று தட்டினால் 3.30 வரும். பார்ப்பதற்கு மூன்றரை மணி போலவே அழகாக இருக்கும், சந்தேகமே வராது. உண்மையில் நாலு மணி பத்து நிமிடம். சொந்தமாகப் பறந்த நாற்பது நிமிடத்தைத் தாரை வார்த்துவிட்டு நிற்பீர்கள்.

சிமுலேட்டர் நேரத்தை மொத்தத்தில் சேர்ப்பது. உரிமத்துக்குக் கேட்கும் 200 மணி என்பது விமானத்தில் பறந்த நேரம். சிம் இருபது மணியைச் சேர்த்து 220 என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே மாட்டுவீர்கள்.

யு.டி.சி, அதாவது லாக்புக்கில் எழுதும் உலகப் பொது நேரம்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. இது நுணுக்கமானது. ஒரு பையனின் புத்தகத்தில் மே மாதம், மத்திய இந்தியாவில், இரவுப் பறப்பு என்று போட்டிருந்தது, கிளம்பிய நேரம் 12:45. ஐந்தரையைக் கூட்டினால் மாலை 6:15. மே மாதம் அந்த நேரத்தில் அங்கே சூரியன் இன்னும் மறைந்திருக்காது. உண்மையில் அவன் 7:15-க்குக் கிளம்பினான், கழிக்கும்போது ஐந்தரைக்குப் பதில் ஆறரையைக் கழித்துவிட்டான். நல்ல வேளை, அதை என் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கண்டுபிடித்தோம்.

என்ன செய்ய வேண்டும்? ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் தனித்தாளில் நிமிடங்களாக மாற்றிக் கூட்டுங்கள். பயிற்சியாளரோடு பறந்த டூயலும், நீங்களே பொறுப்பேற்றுப் பறந்த பி.ஐ.சி-யும் சேர்ந்தால் மொத்தம். பகலும் இரவும் சேர்ந்தால் மொத்தம். சிங்கிள் எஞ்சினும் மல்டியும் சேர்ந்தால் மொத்தம். மூன்று வழியில் போனாலும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பிழையைத் தேடி, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திட்டு, பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரான சி.எஃப்.ஐ-யிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒயிட்னர் பாட்டிலை வீட்டைவிட்டே வெளியே வீசுங்கள். திருத்திய பிழைக்கு யாரும் வேலையை மறுத்து நான் பார்த்ததில்லை.

ஏடிஆரைப் பேருந்து நிறுத்தமாக நினைப்பது

"எதற்கு ஏடிஆர்?" என்று கேட்டால், "இங்கே அனுபவம் சேர்த்துக்கொண்டு ஜெட்டுக்குப் போகலாம் என்று" என உண்மை விளம்பிகள் சிலர் சொல்லிவிடுகிறார்கள். பயிற்சி கொடுத்து, பாண்ட் எழுதி வாங்கி, அப்புறமும் ஆட்களைப் பெரிய நிறுவனங்களிடம் பறிகொடுப்பவர்கள் ஏடிஆர் நிறுவனத்தார். அந்தப் புண்ணில் ஏன் விரலை வைக்கிறீர்கள்? இதைவிட மோசம், எங்குமே விண்ணப்பிக்காமல் சொந்தக் காசில் ஏ320 ஜெட்டை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் முடித்துவிட்டு ஏடிஆர் நேர்காணலுக்கு வருவது. பல லட்சம் போய்விட்டது, இந்த வேலைக்கு அது உதவாது, போதாக்குறைக்கு உங்கள் மனசு எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அந்த விமானத்தை உண்மையாகவே தெரிந்துகொண்டு போங்கள். ஏடிஆரில் ஏ.பி.யு (தரையில் மின்சாரமும் காற்றும் தரும் துணை எஞ்சின்) கிடையாது. அப்படியென்றால் தரையில் நிற்கும்போது ஏசிக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? வலது எஞ்சின் ஓடும், அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள். ஹோட்டல் மோட் என்பது அதுதான். பயணிகள் இடப்பக்கப் பின்வாசலில் ஏறுவதையும் இதையும் சேர்த்துச் சொன்னால், நீங்கள் விமானத்தைக் கண்ணால் பார்த்தவர் என்று தெரியும். ஓடுபாதையை நீட்டுவதற்கு முன் தூத்துக்குடியில் இருந்தது வெறும் 1,351 மீட்டர். அந்த மாதிரி ஊர்களுக்கு விமானம் வந்ததே இந்த ரகத்தால்தான்.

எல்லா விபத்துக்கும் "பைலட் எரர்" என்பது

ஏடிஆர் நேர்காணலில் 1994 ரோஸ்லான் (அமெரிக்கா) விபத்தும் 2023 போகரா (நேபாளம்) விபத்தும் வந்தே தீரும். முன்னது, உறைதூறலில் சுற்றிக் காத்திருந்தபோது இறக்கையில் பனியை உடைக்கும் ரப்பர் உறைக்குப் பின்னால் பனி படிந்த கதை. பின்னது, ஃபிளாப் நெம்புகோலை இழுப்பதாக நினைத்து புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை இழுத்ததில் இரண்டு புரொப்பெல்லரும் ஃபெதர் ஆகி (இதழ்கள் காற்றுக்கு இணையாகத் திரும்பி), உந்துவிசை இல்லாமல் போன கதை. போகராவுக்கு "பைலட் எரர் சார்" என்று இரண்டே சொல்லில் முடித்த ஒருவரிடம், "சரி, நீங்கள் பக்கத்து இருக்கையில் இருந்தால் எதைப் பார்த்திருப்பீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. எஞ்சினின் முறுக்குவிசை (டார்க்) எவ்வளவு காட்டுகிறது, வேகம் குறைகிறதா, கை எந்த நெம்புகோலில் இருக்கிறது. அவர்கள் கேட்பது அதைத்தான்.

பழகிய விமானத்தையே மறப்பது

ஏடிஆர் எஞ்சினின் குதிரைத்திறனைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். நூறு மணி நேரம் ஓட்டிய செஸ்னா 152 பற்றிக் கேட்டால் முழிக்கிறார்கள். நான் வழக்கமாகக் கேட்பது: சென்னையில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்குமா? முக்கால்வாசிப் பேர் சிரிக்கிறார்கள். "சென்னையிலயா அண்ணா?" பிடிக்கும். மார்கழிக் காலை 24 டிகிரி, கசகசவென்று ஈரப்பதம், இறங்குவதற்காகத் த்ராட்டிலைக் குறைத்திருக்கிறீர்கள். எரிபொருள் ஆவியாவதும் காற்று நெருக்கமான வழியில் பாய்வதும் சேர்ந்து உள்ளே வெப்பநிலையை இருபது டிகிரிக்கு மேலும் இறக்கிவிடும். வெளியே வியர்க்கும், உள்ளே உறையும்.

குழு விவாதத்தில் கத்துவது

பட்டிமன்றம் இல்லை.

அன்றைய மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) பார்க்காமல் போவது

ஒரு நிமிட வேலை. கேட்பார்கள்.

தேறாத தாளை மறைப்பது

நேவிகேஷனை மூன்றாவது தடவை பாஸ் செய்தேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ரிசல்ட் பட்டியல் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

சிம்மில் பிழையை முழுங்குவது

உயரம் 150 அடி விலகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து நைசாகத் திருத்தப் பார்ப்பீர்கள். பின்னால் இருப்பவருக்கு முதல் ஐம்பது அடியிலேயே தெரியும். வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருத்துங்கள். ஒழுங்காகப் பறந்தும் வாய் திறக்காதவனைவிட, தடுமாறினாலும் பேசிக்கொண்டே பறப்பவனைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்ள எந்த கேப்டனும் விரும்புவார். நானும்தான்.

இனிஷியல்

இது நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. ஆதாரில் இனிஷியல் பின்னால் போய்விட்டது. உரிமத்தில் இன்னொரு விதம். வடக்கே இருக்கும் எச்.ஆர் அதிகாரிக்கு இவை நாலு வேறு ஆட்கள். வேலை உறுதியான பிறகு பயிற்சி வரிசையில் இடம் போய், அடுத்த குழுவுக்குத் தள்ளப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். உரிமம் தரும் டி.ஜி.சி.ஏ-வின் பதிவும் பாஸ்போர்ட்டும் ஒரே எழுத்தில் இருக்கும்படி விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றி வையுங்கள், மாற்ற நேரம் இல்லையென்றால் உறுதிமொழிப் பத்திரமாவது கையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பையன் அடுத்த வாரம் லாக்புக்கோடு வந்தான். பி.ஐ.சி பத்தியில் முப்பத்தைந்து நிமிடம் குறைந்தது. எட்டாவது பக்கத்தில் இருந்தது.