நெட்வொர்க்ஸ் லேப்: இயக்குவதற்கு முன் எழுத வேண்டியவை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கணினி வலையமைப்புப் பாடமும் அதன் ஆய்வகமும் ஒரே தாளாக இணைந்திருக்கின்றன. டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், ட்ரேஸ்ரூட் போன்ற, வலையமைப்பை ஆராயும் கட்டளைகளில் தொடங்கி, இரு நிரல்கள் வலையமைப்பு வழியே பேசிக்கொள்ளும் சாக்கெட் நிரல்களைக் கடந்து, வழித்தேர்வு நெறிமுறைகளின் உருவகப்படுத்தல் வரை பயிற்சிகள் செல்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். முடித்த பிறகும் ஒன்றும் புரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. திரையில் வெளியீடு வந்ததுமே பயிற்சி முடிந்துவிட்டதாகக் கருதுவதே இதற்குக் காரணம். ஆகவே முதல் வாரத்திலிருந்தே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். எந்தக் கட்டளையையும் இயக்குவதற்கு முன், என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதிவிடுங்கள். இயக்கிய பிறகு, எழுதியதும் கண்டதும் எங்கே வேறுபடுகின்றன என்று தேடி, அதற்குக் காரணம் கண்டுபிடியுங்கள்.

இன்னொரு கணினி பதிலளிக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையிலிருந்தே இதைத் தொடங்கலாம். லினக்ஸ் கணினியில், வலையமைப்பில் போய்வரும் தரவைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, சரியான இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து மேசைக் கணினிக்கு ஒரே ஒரு பிங் அனுப்பப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை ஃபிரேம்கள் (இணைப்பில் செல்லும் தரவுப் பொதிகள்) தெரியும், ஒவ்வொன்றும் எத்தனை பைட் இருக்கும் என்று முதலில் எழுதுங்கள். பெரும்பாலோர் இரண்டு ஃபிரேம்கள் என்றே எழுதுவார்கள். ஆனால் ஐபி முகவரிகளுக்குரிய மேக் முகவரிகளை (வலையமைப்பு அட்டைகளின் வன்பொருள் முகவரிகளை) குறித்து வைத்திருக்கும் ஏஆர்பி அட்டவணையை அழித்துவிட்டு அனுப்பினால் குறைந்தது நான்கு வரும். அந்தக் கணினியின் மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி கேள்வியும் அதற்கான பதிலும் முன்னால் வந்து நிற்கும். பிங் ஃபிரேமின் அளவு 98 பைட்: தரவு 56, ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஈதர்நெட் தலைப்பு 14. இந்தக் கூட்டலை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால், அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று பொதியப்படுவது பற்றிப் புத்தகத்தில் படித்தது கண்முன் எண்களாக நிற்கும்.

அதே பதிவில் இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பிவழி இணைப்பில் நீங்கள் அனுப்பிய ஏஆர்பி கேள்வி 42 பைட் என்றும், வந்த பதில் 60 பைட் என்றும் பொதுவாகக் காட்டப்படும். இரண்டிலும் உள்ள ஏஆர்பி செய்தி 28 பைட்தான். ஈதர்நெட் ஃபிரேம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்பதால் மீதி இடம் பூஜ்ஜியங்களால் நிரப்பப்படுகிறது. அனுப்பும் கணினியில் அந்த நிரப்பல் நடப்பதற்கு முன்பே வயர்ஷார்க் ஃபிரேமைப் பார்த்துவிடுகிறது. வந்த ஃபிரேமிலோ கடைசி 4 பைட் பிழைச்சோதனைப் பகுதி நீக்கப்பட்ட பிறகு பார்க்கிறது. அடுத்ததாக வெளி இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். யாருடைய மேக் முகவரி கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். அது உங்கள் வலையமைப்பை வெளியுலகோடு இணைக்கும் கேட்வேயின் முகவரியாகவே இருக்கும். ஐபி முகவரி இறுதி இலக்கையும் மேக் முகவரி அடுத்த தாவலையும் குறிக்கின்றன என்ற வேறுபாடு இந்த ஒரு பதிவிலேயே தெளிவாகிவிடும். ஆய்வகத்திலும் உங்கள் சொந்தக் கணினியிலும் மட்டுமே இவ்வாறு பதிவு செய்யுங்கள். விடுதி வைஃபையில் பிறர் அனுப்புவதைப் பார்க்க முயலாதீர்கள்.

சில ஆய்வகங்களில் கேபிள் கிரிம்ப் செய்யவும், அதாவது கேபிளில் இணைப்பியைப் பொருத்தவும், சொல்லித் தருவார்கள். வண்ண வரிசையை மனப்பாடம் செய்வதோடு, இணைப்பியின் 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட ஒரே கம்பி இணையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இணைகளை அடுத்தடுத்து வரிசையாகக் கேபிளின் இரு முனைகளிலும் செருகிவிட்டால், டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் ஒரே சமிக்ஞையின் இரண்டு கம்பிகளும் வெவ்வேறு இணைகளில் போவதால் குறுக்கீடு ஏற்பட்டு இணைப்பு தடுமாறும்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது சாக்கெட் நிரல்களுக்குத்தான். சி மொழியில் சர்வரை 5000-ஆம் போர்ட்டில் வைத்து எழுதி, போர்ட் எண்ணை (கணினியில் நிரலை அடையாளம் காட்டும் எண்ணை) உயர்மதிப்பு பைட் முதலில் வரும் நெட்வொர்க் பைட் வரிசைக்கு மாற்றும் அழைப்பை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். கிளையன்டிலும் அதையே விட்டுவிட்டால் இரண்டும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளும். பிழை இருப்பதே தெரியாது. இப்போது, இணைப்புகளையும் போர்ட்களையும் பட்டியலிடும் நெட்ஸ்டாட்டில் பாருங்கள்: சர்வர் 34835-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். 5000 என்பது பதினாறடிமான எண்முறையில் 13, 88 என்ற இரண்டு பைட்கள். அவை இடம் மாறி 88, 13 என்று நின்றால் 34835. பைட் வரிசை பற்றி எத்தனை முறை படித்தாலும் பதியாதது, இந்த எண்ணை ஒருமுறை கையால் கணக்கிட்டால் மறக்காது.

அடுத்து, சாட் நிரலில் சிறுசிறு செய்திகள் மூன்றை இடைவெளியின்றி அனுப்பி, எதிர்ப்புறம் ரிசீவ் அழைப்பு எத்தனை முறை திரும்பும் என்று எழுதுங்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே முறையில் வந்துவிடக்கூடும். இந்நிரல் பயன்படுத்தும் டிசிபி நெறிமுறை செய்திகளை அல்ல, பைட்களின் தொடரோட்டத்தைக் கொண்டு சேர்க்கிறது. செய்தி எங்கே முடிகிறது என்பதைக் குறிப்பது நிரலாளரின் பொறுப்பு. எனவே வரிமுடிவுக் குறியையோ, முன்னால் நீள எண்ணையோ சேர்த்து நிரலைத் திருத்துங்கள். இதே சோதனையை, செய்திகளைத் தனிப் பொதிகளாக அனுப்பும் யுடிபி நெறிமுறையில் செய்தால் ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே வரும். சர்வரை நிறுத்திவிட்டு உடனே மீண்டும் தொடங்கும்போது முகவரி பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வந்தால், போர்ட்டை மாற்றிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதலில் இணைப்பை மூடிய பக்கம் லினக்ஸில் 60 விநாடி காத்திருப்பு நிலையில் இருக்கும் என்பதை நெட்ஸ்டாட்டில் கண்டபின், முகவரி மறுபயன்பாட்டு விருப்பத்தை, சர்வரைப் போர்ட்டோடு பிணைக்கும் பைண்ட் அழைப்புக்கு முன் அமையுங்கள்.

வழித்தேர்வு உருவகப்படுத்தலில், மூன்று ரவுட்டர்கள் வரிசையாக உள்ள சிறு அமைப்பே போதும். ஓரத்து இணைப்பு அறுந்தபின் அட்டவணைகள் ஒவ்வொரு சுற்றிலும் எப்படி மாறும் என்று முதலில் காகிதத்தில் போடுங்கள். தூரம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போவதைக் கண்டால், ஆர்ஐபி என்ற வழித்தேர்வு நெறிமுறை 16-ஐ முடிவிலியாக, அதாவது அடைய முடியாத தூரமாக, கொள்வதன் காரணம் விளங்கும்.

ரெக்கார்டு நோட்டில் நிரலையும் வெளியீட்டையும் ஒட்டியபின், எதிர்பார்த்தது, கண்டது, வேறுபாட்டின் காரணம் ஆகிய மூன்றையும் சில வரிகளில் சேருங்கள். வயர்ஷார்க் பதிவுக் கோப்பைப் பயிற்சி எண்ணோடு சேமித்து வைத்திருந்தால், வைவாவுக்கு முந்தைய நாள் அதையே திறந்து, ஏதேனும் ஒரு ஃபிரேமைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு புலத்தையும் வாய்விட்டு விளக்கிப் பார்க்கலாம்.