வெளிநாட்டு மாணவர் வருமுன் உரிமத்தைக் கவனியுங்கள்

பிரிட்டனிலுள்ள நரம்பியல் ஆய்வகத்திற்குப் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் வெளிநாட்டு முதுநிலை மாணவரை அழைக்கும் பேராசிரியர்கள், விசா, தங்குமிடம் ஆகியவற்றோடு உரிமத்தையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். உயிருள்ள எலியின் மூளையில் மின்முனை பதிப்பது போன்ற பணிகளை, 1986ஆம் ஆண்டின் விலங்குகள் மீதான அறிவியல் செயல்முறைச் சட்டப்படி, உள்துறை அமைச்சகம் வழங்கும் தனிநபர் உரிமமின்றி எவரும் செய்யக்கூடாது. அதற்குரிய பயிற்சி, தேர்வு, விண்ணப்பம் ஆகியவற்றுக்கே பல வாரங்கள் ஆகிவிடக்கூடும் என்பதால், மூன்று மாதங்களுக்கு மட்டும் வருபவர் சோதனை எதையும் தொடங்காமலேயே ஊர் திரும்ப நேரிடலாம். அத்தகையவருக்கு, ஏற்கெனவே பதிவான நரம்புச் சமிக்ஞைத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்வதோ, பதப்படுத்திய மூளைத் திசுச் சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்வதோதான் உகந்தது என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பணி என்பதை அவர் பயணச்சீட்டு வாங்குமுன்பே மின்னஞ்சலில் தெளிவாக எழுதிவிடுங்கள்.