இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பூனைக்குட்டி: வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில்தான் தெரிந்தது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். "மர்மர் கேக்குது, எக்கோ எடுத்துப் பாத்துடலாம்" என்றார். மர்மர் என்பது இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் வழக்கமில்லாத இரைச்சல், எக்கோ என்பது இதயத்துக்கான ஸ்கேன். எங்கள் மல்லிக்கு அப்போது மூன்று மாதம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஓட்டை. பூனைகளுக்குப் பிறவியிலேயே வரும் இதயக் கோளாறுகளில் அதிகம் பார்க்கப்படுவது இதுதான்.

சத்தத்தை வைத்தே நோயை எடைபோடுவது முதல் தவறு. மர்மரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 5 என்றதும் நான் அழுதேவிட்டேன். ஆனால் தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் எப்படிச் சீறுகிறதோ, அப்படித்தான் சின்ன ஓட்டையும் பெரிய சத்தம் போடும். பெரிய ஓட்டை அடக்கமாகவே இருக்கலாம். தெள்ளுப்பூச்சி கடித்து ரத்தசோகை வந்த குட்டிக்கும் மர்மர் கேட்கும். எக்கோ பார்த்தால்தான் நிலைமை புரியும். சின்ன ஓட்டை என்றால் மருந்தே இல்லாமல் முழு ஆயுளும் வாழ்கிற பூனைகள் உண்டு.

அடுத்தது, "நல்லாத்தானே ஓடியாடுது" என்று விட்டுவிடுவது. பூனை தன் உபாதையை மறைக்கும். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கிய பிறகும் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும். காட்டிக்கொடுப்பது தூக்கத்தில் விடும் மூச்சுதான். மல்லி மடித்த போர்வை மேல் சுருண்டு தூங்கும்போது, விலாவைப் பார்த்துக்கொண்டு போனில் 30 விநாடி வைப்பேன். விலா ஏறி இறங்கினால் ஒன்று. வந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் சற்று நேரம் கழித்து இன்னொரு முறை எண்ண வேண்டும். அப்போதும் குறையவில்லை என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். புர்ர் புர்ர் என்று உறுமும்போதோ, கனவில் மீசை துடிக்கும்போதோ எண்ணாதீர்கள், கணக்கு தப்பும். தினம் எழுதி வைத்தால்தான் நம் குட்டியின் இயல்பு எது என்று தெரியும்.

நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது போல பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால், "வெயில் அதிகம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது அவசரம். அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் ஊற்றுவது, துண்டில் இறுக்கிச் சுற்றுவது, விடியட்டும் என்று காத்திருப்பது எல்லாமே ஆபத்து. காற்றோட்டமான கூடையில் விட்டு, பேச்சுக் கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும். பின்னங்கால்கள் திடீரென்று விழுந்து, பாதம் சில்லிட்டு, பூனை அலறினாலும் அப்படியே கிளம்ப வேண்டும். ரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். எண்ணெய் தேய்த்துப் பார்க்க நேரமில்லை.

மருந்தில் நடக்கும் தவறு, தேறிவிட்டது என்று நாமாகவே நிறுத்துவது. உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை கொடுத்துவந்ததால்தான் தேறியது. அது சாப்பிடும் பூனை அடிக்கடி சிறுநீர் போகும், தாகமும் எடுக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடக் கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரைகூட உயிரை எடுக்கும்.

சாப்பாட்டில் கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மல்லி முறத்தடியில் உட்கார்ந்து கெஞ்சும், எனக்கு மனசு கேட்காது, இருந்தாலும் கொடுப்பதில்லை. தயிர்சாதத்திலேயே வளர்ப்பதும் சரியில்லை. டாரின் என்ற சத்து பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. அது குறைந்தால் நல்ல இதயமே பலவீனமாகிவிடும்.

அப்புறம், கருத்தடை. இதயம் சரியில்லாத பூனைக்கு ஆபரேஷனே கூடாது என்று பயந்து சிலர் தள்ளிப்போடுகிறார்கள். குட்டி சுமப்பது அந்த இதயத்துக்கு இன்னும் பெரிய பாரம், குறை குட்டிகளுக்கும் போகலாம். கோளாறைச் சொல்லாமல் கொண்டுபோய் விடுவதுதான் தவறு. மயக்க மருந்தையும் டிரிப்ஸ் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். மல்லிக்குச் செய்தபோது எக்கோ அறிக்கையோடு மூச்சுக் கணக்கு நோட்டையும் கொடுத்தேன். மருத்துவர் கடைசி ஒரு மாதத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்.