கிட்டாரையும் கரகரப்பையும் ஒரே வீட்டில் குடிவைப்பது

கிட்டாரும் மின்னொலியும் கலந்த ஓர் ஆல்பத்தை வீட்டிலேயே பதிய நினைத்தேன். முதல் முயற்சியில் எட்டுப் பாட்டையும் கிட்டாரில் வாசித்து முடித்துவிட்டு, அப்புறம் மேலே சிந்தசைசரைத் தூவினேன். கேட்டால், அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பேர் தனித்தனியாக வாசிப்பது போலிருந்தது. எட்டையும் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து ஒரே விதிதான்: மின்னொலி எதுவானாலும் கிட்டாரின் வயிற்றிலிருந்தே பிறக்க வேண்டும்.

கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டாதீர்கள். அந்தப் பளபளப்பு கேசட் டேப்பின் இரைச்சலோடு ஒட்டவே ஒட்டாது. சில மாதம் வாசித்து மங்கிய கம்பிதான் அழகு. மைக் ஒன்று போதும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) நேரே, ஒரு சாண் தள்ளி வையுங்கள். நடுத்துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி 'பும்' என்று வீங்கும். பதிவின் லெவல் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள், கை போகிற வேகம்தான் தாளம், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரட்டும்.

இப்போது டேப் லூப், அதாவது டேப் துண்டை வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. எனக்கு இதுதான் ஆல்பத்தின் உயிர். கேசட்டில் டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆக, சுமார் 24 சென்டிமீட்டர் வெட்டி வளையமாக ஒட்டினால் 5 வினாடி கிடைக்கும். திருகு போட்ட கேசட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டி மூடியதைத் திறந்தால் உடையும். டேப்பின் முனைகளைச் சாய்வாக வெட்டினால் ஒட்டு வரும் இடத்தில் 'டிக்' சத்தம் குறையும். ஒட்டுவதற்கு, இதற்கென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப்பே வேண்டும். அவசரத்துக்கு ஒருமுறை சாதாரண செல்லோ டேப் ஒட்டினேன். பசை கசிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, ஒரு மாலை முழுக்கப் பஞ்சும் ஆல்கஹாலுமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். வளையம் தளர்வாகவும் இருக்கக் கூடாது, விறைப்பாகவும் இருக்கக் கூடாது. பென்சிலால் சுற்றிப் பார்த்தாலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வளையத்தில் பாட்டின் முதல் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மட்டும் ஒருமுறை மீட்டிப் பதியுங்கள். அது திரும்பத் திரும்ப ஓடும்போது லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தின் மேல்தான் நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பதிந்த மெஷினிலிருந்து வேறொன்றுக்கு மாற்றினால் சுருதி நகரும். ஒரு கேசட் டெக் 3 சதவீதம் வேகமாக ஓடினாலே ஏறக்குறைய அரை செமிடோன் (ஒரு ஃப்ரெட் தூரத்தில் பாதி) ஏறிவிடும். ட்யூனரைப் பார்த்து வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குச் சேர்த்த கிட்டார் அதன் மேல் பகைத்துக்கொண்டு நிற்கும். ட்யூனரை மறந்துவிட்டு, டேப்பைக் கேட்டுக் காதாலேயே கம்பியை முறுக்குங்கள். டேப்பை மென்பொருளில் ஏற்றித் திருத்தலாமே என்பீர்கள். திருத்தலாம், ஆனால் அதோடு உயிரும் கொஞ்சம் போய்விடுகிறது என்பது என் காது சொல்வது.

அடுத்தது கிரானுலர், அதாவது ஒலியைக் குட்டித் துகள்களாக நறுக்கி அடுக்குவது. ஏதாவது ஒரு இலவச ப்ளக்-இன் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) போதும். 12ஆம் ஃப்ரெட்டில் தொட்டு எழுப்பிய ஒரு ஹார்மோனிக்கைக் கொடுத்து, துகள் நீளத்தை 80 மில்லிவினாடியில் வையுங்கள்; பனி படர்ந்த மாதிரி ஒரு நீண்ட ஒலி வரும். அதையே தடித்த ஈ கம்பிக்குச் செய்து, நீளத்தை 10க்குக் கீழே இறக்கிப் பாருங்கள், சுருதி காணாமல் போகும். அந்தக் கம்பி ஒருமுறை அதிரவே 12 மில்லிவினாடி ஆகிறது, ஒரு முழு அதிர்வுகூடத் துகளுக்குள் அடங்குவதில்லை. தாள ஓசை வேண்டுமென்றால் எனக்கு இந்தக் குறைபாடே போதும், டிரம் மெஷின் பக்கம் போவதில்லை.

மிக்ஸிங்கில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டேப் இரைச்சல் ஒரே ட்ராக்கில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் சேர்த்தால் மழைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். கிட்டாரில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். அடி ஈ 82இல் இருக்கிறது, ஒன்றும் இழப்பில்லை. குரலுக்கு ரிவெர்ப் (அறை எதிரொலி) வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கட்டும்.

கடைசிக் கம்பி அடங்கியதும் உடனே நிறுத்தாமல் பத்து வினாடி ஓடவிடுங்கள். என் மூன்றாவது பாட்டின் முடிவில் நாற்காலி கிறீச்சிட்டது. அதை இழுத்து நீட்டித்தான் நான்காவது பாட்டு தொடங்குகிறது.