போடிக்குப் போனால் வீடுகளைக் கடைசியில் பாருங்கள்

நம்ம போடிநாயக்கனூர் இல்லை, கலிஃபோர்னியாவில் ஆளில்லாமல் கிடக்கும் தங்கச் சுரங்க ஊர். வருகிறவர்களில் பலர் தூசி படிந்த ஜன்னல்களில் எட்டிப் பார்த்து நாலு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஊர் ஏன் வளர்ந்தது, ஏன் காலியானது என்று எதுவும் பிடிபடாது.

395 நெடுஞ்சாலையிலிருந்து 270-ஆம் சாலையில் கிழக்கே திரும்புங்கள், சுமார் 21 கி.மீ., கடைசி 5 கி.மீ. மண்சாலை. பெட்ரோலும் சாப்பாடும் அங்கே கிடைக்காது. ஏறக்குறைய 2,550 மீட்டர் உயரம், அதனால் கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். பனிக்காலத்தில் கார் போகாது.

முதலில் ஸ்டாண்டர்ட் ஆலை, தாதுவைப் பொடித்துத் தங்கத்தைப் பிரித்த இடம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், எனவே போனதுமே நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1859-இல் இங்கே தங்கம் கண்ட டபிள்யூ. எஸ். போடி பனிப்புயலில் சிக்கி இறந்துபோனார். நல்ல தாது கிடைத்ததென்னவோ 1870களின் நடுவில்தான். 1880 வாக்கில் 7,000 முதல் 10,000 பேர்வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள், கட்டடங்கள் மட்டும் 2,000 இருக்குமாம்.

ஆலையிலிருந்து வெளியே வந்ததும் சுற்றிலும் பாருங்கள், மரமே கண்ணில் படாது. என்னைக் கேட்டால் ஊரின் கதையே இதில்தான் இருக்கிறது. நீராவி எந்திரத்துக்கு விறகு, சுரங்கம் சரியாமல் தாங்க மரக்கட்டை, வீட்டு அடுப்புக்கும் விறகு, எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதற்காகவே 1881-இல் மரம் அறுக்கும் இடமான மோனோ மில்ஸிலிருந்து 50 கி.மீ.க்கு ரயில் போட்டார்கள், வேறு எந்தப் பாதையோடும் அது சேரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ரயில் வந்த சமயத்திலேயே புதுச் சுரங்கங்களைத் தேடி ஆட்கள் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் 1890களில் 20 கி.மீ. தொலைவிலிருந்து ஆலைக்கு மின்சாரம் இழுத்தார்கள், பழைய கழிவிலிருந்து சயனைடு வைத்து மிச்சத் தங்கத்தையும் பிரித்தார்கள், ஊர் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியது. 1917-இல் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். 1932 தீயில் ஊரின் பெரும்பகுதி போனது. 1942-இல் போர்க்கால உத்தரவு தங்கச் சுரங்கங்களையே மூட வைத்தது.

சரி, இப்போது வீடுகளைப் பாருங்கள். மிஞ்சியவை நூற்றுச் சொச்சம். 1962-இல் மாநிலப் பூங்காவாக்கிய பிறகு எதையும் புதுப்பிப்பதில்லை, விழாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். எடுத்துப் போன சிலர், வீட்டில் கெட்டது நடந்ததென்று மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.